கழுத்துத் தழும்பும் காலை மாத்திரையும்

(நமது பகுதி நேர நிருபர்)

பொன்முடி என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது பனிமூட்டமும் கொண்டை ஊசி வளைவுகளும்தான். திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோ மீட்டர். கல்லாறு தாண்டியதும் மொத்தம் 22 வளைவுகள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். விடுமுறை நாட்களில் ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து மேகத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இறங்கிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. தேயிலைத் தோட்ட வேலைக்காகப் பல தலைமுறைகளுக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்களின் வாரிசுகள் அவர்கள். பொன்முடி, போணக்காடு பக்கத்து லயங்களில் இன்றும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். போணக்காட்டின் பழைய தேயிலை ஆலை இயங்காமல் கிடக்கிறது. வேலையும் கூலியும் முன்போல் நிலையாக இல்லை. வியாதி என்று வந்தால் மலையிறங்கி விதுராவுக்கோ, நெடுமங்காட்டுக்கோ, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோதான் போக வேண்டும். போக வர ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்தப் பகுதியில் தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்ட சில பெண்களைச் சந்தித்தோம். கழுத்தின் முன்புறம், சங்கிலி படியும் இடத்தில், ஒரு மெல்லிய கோடு. அதுதான் அடையாளம். இவர்களுக்குச் சங்கம் கிடையாது. ரசீதுப் புத்தகமும் கிடையாது. ஆனாலும் ஒருவருக்கு ஆபரேஷன் என்று தெரிந்தால், முன்பே செய்துகொண்டவர் வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். டாக்டருக்கு நேரம் இல்லாததால் சொல்லாமல் விட்டதையும், அவர் சொல்லியும் பயத்தில் காதில் விழாததையும் இவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சினால் ஓர் உயிரே தப்பியது என்று கூடச் சொல்லலாம். அந்த விவரம் பின்னால் வருகிறது.

பட்டாம்பூச்சி வடிவச் சுரப்பி

தைராய்டு என்பது முன்கழுத்தில், மூச்சுக் குழாயை அணைத்தபடி பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். ஆனால் உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, ஜீரணம், மாதவிலக்கு, மூளையின் சுறுசுறுப்பு எல்லாவற்றையும் அதில் சுரக்கும் நீரே சீராக வைத்திருக்கிறது. கழலை பெரிதாகி மூச்சையோ விழுங்குவதையோ தடுக்கும்போதும், சுரப்பு அளவு மீறி மருந்துக்குக் கட்டுப்படாதபோதும், புற்றுநோய் என்று தெரியும்போதும் அல்லது சந்தேகம் எழும்போதும் அதை அறுத்து எடுக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இத்தொல்லை அதிகம்.

இந்தியாவில் பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் அதிகமாகப் பதிவாகும் பகுதிகளில் திருவனந்தபுரம் மாவட்டமும் ஒன்று. இதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஸ்கேன் வசதி பெருகப் பெருக, ஒரு கெடுதலும் செய்யாத சின்னஞ்சிறு கட்டிகளும் கணக்கில் ஏறிவிடுகின்றன. தென்கொரியாவில் கழுத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது பரவியதால், 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு பேருக்கு 2011-ல் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இந்நோயால் இறந்தவர்கள் விகிதமோ ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலான வகைகள் மெல்ல வளர்பவை. நல்ல குணம் தருபவை. வார்டில் 'புற்று' என்ற சொல் காதில் விழுந்ததும் உடைந்து போகிறவர்களிடம், பத்து வருஷத்துக்கு முன் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வந்து நின்றாலே பாதி தைரியம் வந்துவிடுகிறது.

பக்கத்துக் கட்டில்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் 1951-ல் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம் உருவாயிற்று. நம்மவர்கள் ஆர்.சி.சி. என்று சொல்லும் இந்த மையத்தின் ஸ்தாபக டைரக்டர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். ஆகவே வார்டில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வமல்ல.

ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் மூன்று நாட்கள்தான் பக்கத்துக் கட்டில்காரரின் அருமை தெரியும் நாட்கள். தைராய்டுக்குப் பின்புறம் அரிசி மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவையே. தைராய்டை எடுக்கும்போது அவை அதிர்ச்சியில் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், வேலை செய்யாமல் இருந்துவிடும். அப்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கும். கவனிக்காமல் விட்டால் கை கால்கள் இழுத்துக்கொள்ளும். உடனே சொன்னால் கால்சியம் கொடுத்துச் சரி செய்துவிடுவார்கள்.

நர்ஸ் மலையாளத்தில் "தரிப்பு உண்டோ?" என்று கேட்கிறார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையாளம் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அது புரிவதில்லை. ஏதோ உடை தரிப்பது பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, இல்லை என்று தலையாட்டிவிடுகிறார்கள். தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்மணி இப்படிச் சொன்னார்:

"எனக்கு ரெண்டாவது கட்டில்ல தென்காசிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு. சிஸ்டர் கேட்டதுக்கு இல்லைன்னு தலையாட்டிட்டு, விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. தாயி, விரலு மரத்துப்போகுதா, உதடு விறுவிறுன்னு இருக்கான்னு கேட்டேன். ஆமாக்கான்னுச்சு. இதைத்தான் அவங்க தரிப்புன்னு கேட்கிறாங்கன்னு சொல்லி சிஸ்டரைக் கூப்பிட்டேன். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

பிறகு குரல். குரல்வளைக்குப் போகும் நரம்புகள் தைராய்டை ஒட்டியே செல்கின்றன. எவ்வளவு ஜாக்கிரதையாக அறுத்தாலும் சிலருக்குக் குரல் கம்மிவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுகிறது. குறையாமல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். குரல் பயிற்சியும் உண்டு. பிள்ளையைக் கூப்பிடக் குரல் எழும்பவில்லையே என்று அழும் தாயிடம், "என் குரலும் ரெண்டு மாசம் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப கேளு" என்று இன்னொருத்தி சொல்லிக் காட்டும்போது அழுகை நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் 'சரியாகிவிடும்' என்று சொல்லக்கூடாது. ஆபரேஷன் ஆன பிறகு கழுத்து திடீரென்று வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் நர்ஸையோ டாக்டரையோ அழைக்க வேண்டும். வீடு திரும்பிய பின் காய்ச்சல் வந்தாலும், புண்ணில் சீழ் கண்டாலும் அப்படியே. கொழுந்து மூட்டை போன்ற பாரங்களைத் தூக்குவதற்கு டாக்டர் சொல்லும் நாள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

கட்டன் சாயாவுக்கு முன்

சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் அது செய்த வேலையை ஒரு மாத்திரை செய்ய வேண்டும். தைராக்சின் என்பது அதன் பெயர். ஆயுள் முழுவதும் தினமும் சாப்பிட வேண்டியது.

இந்த வழி மனிதனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோச்சர் என்ற சர்ஜன் தைராய்டு ஆபரேஷனில் பெயர் பெற்றவர். அதற்காக 1909-ல் நோபல் பரிசும் பெற்றார். சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டவர்கள் நாளடைவில் முகம் ஊதி, புத்தி மந்தமாகிப் போனதைக் கண்டு 1883-ல் அவரே அதை வெளியிட்டார். 1891-ல் இங்கிலாந்தில் மர்ரே என்ற டாக்டர், சுரப்பி வேலை செய்யாத 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அது சிறு மாத்திரையாக எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் டீ, காப்பி, பலகாரம் ஒன்றும் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் இது லேசான காரியமா? கண் விழித்ததும் கட்டன் சாயா குடித்துத்தான் குளிருக்கு உடம்பு அசையும். பெரட்டுக்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். ஆகவே பலர் சாயாவோடு சேர்த்தே மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். மருந்து முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. பரிசோதனையில் அளவு குறைவாகக் காட்டும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். மறுபடியும் அதே கதை.

இதற்கு இந்தப் பெண்கள் கண்ட உபாயம் எளிமையானது. படுக்கும்போதே தலைமாட்டில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துக்கொள்கிறார்கள். விழித்ததும் முதல் வேலை அது. பிறகு முற்றம் கூட்டி, அடுப்பு பற்றவைத்துச் சாயா கொதிப்பதற்குள் அரை மணி ஆகிவிடுகிறது. வேலைக்குப் போகும் வழியில் ஒருவரையொருவர் "போட்டாச்சா மதினி?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். என்ன போட்டாச்சு என்று மற்றவர்களுக்குப் புரியாது.

இன்னும் சில விஷயங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் தைராக்சினோடு சேர்த்துப் போடக்கூடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரைக்கு ஈரமும் சூடும் ஆகாது. பொன்முடியின் பனி, வீட்டுக்குள்ளேயே துணியை நனைக்கும். ஆகவே புட்டியை இறுக மூடி வைக்க வேண்டும். ஈரம் படாது என்று எண்ணி அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைப்பதும் தவறு.

குளிரா, வியாதியா?

இனி முன்னே சொன்ன விஷயத்துக்கு வருவோம். லயத்தில் வசிக்கும் நடுத்தர வயதுப் பெண்ணுக்குச் சாதாரணக் கழலை. புற்று அல்ல. சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டது. காயம் ஆறியது. கழலைதான் போய்விட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டார். மலையிறங்கிப் போகக் கூலியை இழக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

தைராக்சினின் தன்மை என்னவென்றால், நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே 'நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வாரங்கள் செல்லச் செல்லச் சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், மறதி, முகவீக்கம், தாங்க முடியாத குளிர். மற்ற ஊரில் வெயில் நேரத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது என்னவென்று கேட்பார்கள். பொன்முடியில் எல்லோருமே போர்த்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்! வீட்டார் வயசாகிவிட்டது, சோம்பல் என்றார்கள்.

கண்டுபிடித்தது, கழுத்தில் அதே தழும்புள்ள அடுத்த லயத்துக்காரி. "பேச்சு தடிச்சு, இழுத்து இழுத்து வந்துச்சு. மூஞ்சி ஊதியிருந்துச்சு. மதினி, மாத்திரை போடுறீங்களான்னு கேட்டேன். பதில் சொல்லவே அவுகளுக்கு நேரம் பிடிச்சுது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே விதுரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு பேருக்கும் அன்னைக்குக் கூலி இல்லை" என்றார் அவர். மாத்திரையை அடியோடு விட்டவர்கள் கடைசியில் நினைவிழந்து, உடம்பு சில்லிட்டு, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு. அந்தக் கட்டத்துக்கு முன்பே இவர் தப்பினார். மருந்து தொடங்கிய சில மாதங்களில் பழைய முகம் திரும்பியது. இப்போது வேலைக்குப் போகிறார்.

கர்ப்பமாகிவிட்டால் மருந்து மாத்திரை கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தைராக்சினுக்கு அது பொருந்தாது. கர்ப்ப காலத்தில் தேவை கூடும். நிறுத்தினால் சிசுவின் மூளை வளர்ச்சிக்கே கேடு. தெரிந்தவுடன் டாக்டரிடம் சொல்லி அளவைப் பார்க்க வேண்டும்.

தனி அறையும் உப்பில்லாச் சோறும்

புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு, எல்லோருக்குமல்ல, ரேடியோ அயோடின் என்ற மருந்து கொடுப்பார்கள். எஞ்சிய தைராய்டு செல்கள் இந்தக் கதிரியக்க அயோடினை உறிஞ்சி அழிந்துவிடுகின்றன. அதன் வீரியம் 8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதுவரை நோயாளியின் உடம்பிலிருந்து சிறிது கதிர் வெளிப்படும் என்பதால் சில நாட்கள் தனி அறை வாசம்.

இதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. அயோடின் உப்பு, கடல் மீன், கருவாடு, முட்டை, பால் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். கல்லுப்பு என்றால் அயோடின் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. சாப்பாட்டு உப்பில் அயோடின் சேர்ப்பது 2006 முதல் நாடு முழுவதும் கட்டாயம். எந்த உப்பு என்று ஆஸ்பத்திரியில் கேட்டே வாங்க வேண்டும். சிலருக்குச் சிகிச்சைக்கு முன் மூன்று நான்கு வாரம் தைராக்சினையும் நிறுத்தச் சொல்வதுண்டு. டாக்டர் சொல்லி, தேதி குறித்து நிறுத்துவது இது ஒன்றுதான். அந்த வாரங்களில் வரும் சோர்வும் மனக்கலக்கமும் கொஞ்சமல்ல. 'இது மருந்து நிறுத்தியதால் வருவது, மறுபடி தொடங்கினால் போய்விடும்' என்று அனுபவப்பட்டவர் சொல்ல வேண்டிய நேரம் இதுவே.

வீடு திரும்பியதும் குறிப்பிட்ட நாட்கள் வரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக்கூடாது. தனியே படுக்க வேண்டும். ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள லயத்தில் எங்கே தனியே படுப்பது? ஒரு தாய்க்கு மூன்று வயதுக் குழந்தை. கழுத்தில் தழும்புள்ள இன்னொரு பெண் அந்தக் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாராம். கதிர் என்றதும் மற்றவர்கள் தயங்கினார்கள். குழந்தையிடம் கதிர் எதுவும் இல்லை என்பது, அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்ட அவருக்குத் தெரியும். நெரிசலான பஸ்ஸில் வீடு திரும்பலாமா என்பதையும் டிஸ்சார்ஜ் ஆகும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சொல்லலாம், மாத்தக்கூடாது

தோழமைக்கும் ஒரு எல்லை உண்டு. தைராக்சின் 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. புட்டிகள் ஒன்றுபோல் இருக்கும். ஒருவருக்கு 100, மற்றவருக்கு 50 என்றால் அது எடை, வயது, வியாதி, இதயத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்தது. புற்றுநோய் இருந்தவருக்கு வேண்டுமென்றே சற்று அதிகம் கொடுப்பதும் உண்டு. 'எனக்கு நூறு போட்டதும் சுறுசுறுப்பாகிவிட்டது, நீயும் போடு' என்று சொல்வது ஆபத்து. அளவு மிஞ்சினால் படபடப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம். அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாட்டு மருந்தால் நிரந்தரமாகக் குணமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும், எடுத்த சுரப்பி திரும்ப முளைக்காது.

ரயில் சலுகை

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் வரும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வரும் ஒருவருக்கு இவ்விரண்டிலும் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும். சாதாரணக் கழலைக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது.

டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைக்கவும். அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளவும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த புட்டி வாங்கிவிடவும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் மலையில் மருந்துக் கடை கிடையாது. கையிருப்பு உள்ளவர்களிடம் ஒரே அளவு மாத்திரைதானா என்று பார்த்த பிறகே கடன் வாங்குவதாகப் பொன்முடிப் பெண்கள் கூறினார்கள்.